மேலே ‘கதை’ என்று போட்டிருந்தது

ஜூன் 4

இன்று மாலை வகுப்பில் சேர்ந்தேன். இணைய விற்பனையும் படைப்பெழுத்தும். மூன்று மாதம், ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை. திருப்பூர் பல்லடம் சாலையில் ஸ்கூட்டர் ஷோரூமுக்கு மேல்மாடி. மொத்தம் பதினொரு பேர். நான் மூன்றாவது வரிசையில், சுவர் ஓரம். பெயரைக் கேட்டபோது சுபிக்ஷா என்றேன். சத்தம் வெளியே வரவில்லை, இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருந்தது.

பகலில் ஒரு பனியன் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். ஒரு சட்டைக்குப் பதினான்கு இடம் பார்க்க வேண்டும். கழுத்து, தோள்மூட்டு, கைமடிப்பு என்று வரிசை மாறக் கூடாது. அந்தப் பழக்கத்தில்தான் இந்த நாட்குறிப்பும். நடந்ததை முதலில் எழுதுவேன். நினைத்ததைப் பிறகு எழுதுவேன். சந்தேகம் கடைசியில் வரும்.

எழுத வேண்டும் என்பது பள்ளிக் காலத்து ஆசை. இரண்டு வருடமாக ஒரு வலைப்பக்கம் வைத்திருக்கிறேன். படிப்பவர்கள் ஏழு பேர். அதில் நான்கு பேர் சொந்தக்காரர்கள்.

பாடம் நடத்துபவர் ரெஹானா. முப்பது வயது இருக்கும். முன்பு விளம்பர நிறுவனத்தில் இருந்தவர். எங்களில் மூத்தவர் தனபால் அண்ணன். தாராபுரம் சாலையில் தண்ணீர் மோட்டார் கடை வைத்திருக்கிறார். முதல் கேள்வியே அவருடையதுதான்.

“ஏனுங்க மேடம், நான் மோட்டார் விக்கிறவன். என்னைய எதுக்குங்க கதை எழுதச் சொல்றீங்க?”

“உங்க மோட்டார் நல்லா ஓடும்னு இணையத்துல எழுதிப் பாத்தீங்களா அண்ணா?”

“எழுதாம இருப்பனுங்களா? சரிபார்ப்பான் செவப்பு போட்டுருச்சு. ‘நல்லா’ங்கறதுக்கு ஆதாரம் எங்கன்னு கேக்குது. எங்க வீட்டுக்காரிகூட அப்படிக் கேட்டதில்லீங்க.”

எல்லோரும் சிரித்தோம்.

“மெய்யுரைச் சட்டம் வந்து நாலு வருஷம் ஆச்சு,” என்றார் ரெஹானா. “இணையத்துல யார் என்ன எழுதினாலும் சரிபார்ப்பான் படிச்சுட்டுத்தான் வெளிய விடும். மெய்னா பச்சை. பொய்னா செவப்பு, வெளிய போகாது. ஆனா ஒண்ணே ஒண்ண மட்டும் அது தொடாது. கதை. மேல ‘கதை’ன்னு போட்டுட்டா அது பாட்டுக்கு விட்டுடும். கதையில பொய்ன்னு ஒண்ணு கிடையாதே. அதனாலதான் இன்னைக்கு விக்கத் தெரிஞ்சவன் எல்லாம் எழுதக் கத்துக்கிறான்.”

“அப்ப என்ற மோட்டாரு கதைக்குள்ள வந்து தண்ணி எறைக்கணும்.”

“எறைக்கட்டும். மொதல்ல யாராவது ஒருத்தர் வீட்டுல தண்ணி இல்லாம இருக்கட்டும்.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதி வைக்க வேண்டும். என் எழுத்துக்கு ஒரு பயன் இருக்கிறது என்று யாரோ முதல்முறையாகச் சொன்ன மாதிரி இருந்தது.

ஜூன் 19

என் பயிற்சிக் கதையை ரெஹானா வகுப்பில் வாசித்தார். வாசித்து முடித்துக் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“எல்லாம் சரியா இருக்கு சுபி. பட்டன் எல்லாம் வரிசையா தைச்சிருக்கு. ஆனா இதுல யாரும் எதையும் விடலையே?”

“விடறதுன்னா மேடம்?”

“ஒருத்தி ஒண்ணுக்கு ஆசைப்படறான்னா, கையில ஏற்கெனவே வேற ஒண்ணு இருக்கணும். அதை அவ விடணும். அவ விடற எடத்துலதான் படிக்கிறவங்களுக்கு மூச்சு நிக்கும்.”

இதைக் குறித்துக்கொண்டு சுற்றிலும் கட்டம் போட்டேன். இவ்வளவு எளிதான விஷயம் இத்தனை வருடம் எனக்குத் தெரியாமல் போனதே என்று கூச்சமாக இருந்தது.

ஜூலை 10

முதல் உண்மையான வேலை வந்திருக்கிறது. வகுப்புக்கு வந்ததை ரெஹானா எனக்குக் கொடுத்தார். பொருளின் பெயர் பேச்சு மணி. மிளகு அளவுக்கு ஒரு மணி. பேசத் தாமதமாகும் குழந்தையின் காதுக்குப் பின்னால் ஒட்டிவிட வேண்டும். அம்மாவின் குரலில் சொற்களை மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். குழந்தை பேசும் என்று கம்பெனி எழுதிப் பார்த்திருக்கிறது. சிவப்பு. பேச உதவும் என்று எழுதியிருக்கிறது. அதுவும் சிவப்பு. கடைசியில் பச்சை கிடைத்த வாக்கியம், “இது ஒலி எழுப்பும்.”

“எங்கூட்டுக் கதவும் எழுப்புது,” என்றார் தனபால் அண்ணன்.

மூன்று மாலை எழுதினேன். கௌரி என்று ஒருத்தி. மகன் மித்ரன், வயது மூன்றரை, இன்னும் ஒரு சொல் வரவில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் இரண்டு பேருந்து மாறி அரசு மருத்துவமனைப் பேச்சுப் பயிற்சி வகுப்புக்குக் கூட்டிப் போகிறாள். மணியை வாங்குகிறாள். அவன் பேசுகிறான். படித்துப் பார்த்தேன். செத்துக் கிடந்தது.

கட்டம் போட்டு வைத்த வரி நினைவுக்கு வந்தது. கௌரியால் எதை விட முடியும்? அவளிடம் இருந்தது அந்த வகுப்பு ஒன்றுதான். இப்படி எழுதினேன்: “அந்தச் செவ்வாய்க்கிழமை கௌரி பேருந்து நிறுத்தத்துக்குப் போகவில்லை. மணியை மகனின் காதுக்குப் பின்னால் ஒட்டிவிட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டாள்.” பதினோராம் நாள் மித்ரன் வெளியே கை காட்டி, “அம்மா, மழை” என்கிறான்.

ரெஹானா வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “இதை நீ எழுதினேன்னு நம்ப முடியல.”

சந்தேகம்: குழந்தையின் வகுப்பை விடுவதாக எழுதலாமா?
கீழேயே நான் எழுதியிருக்கும் பதில்: கதைதானே.

ஆகஸ்ட் 3

கௌரி கதை வெளியாகி மூன்று வாரம். நாற்பத்தோராயிரம் பேர் படித்திருக்கிறார்கள். எண் தப்பாக இருக்கும் என்று மூன்று முறை சரிபார்த்தேன்.

படித்தவர்கள் கேள்வி கேட்கிறார்கள். என்னை அல்ல, கௌரியை. கம்பெனியின் மென்பொருள் ஒன்று என் கதையைப் படித்து, கௌரி எப்படிப் பேசுவாள் என்று தெரிந்துகொண்டு, அவள் பெயரில் பதில் தயாரிக்கிறது. அதற்கும் மேலே ‘கதை’ என்று சின்னதாக இருக்கும். சாதாரணக் கேள்விகளுக்குத் தானே அனுப்பிவிடும். சந்தேகமானவற்றை ஞாயிற்றுக்கிழமை பட்டியலாக எனக்கு அனுப்பும். நான் பார்த்து டிக் போட வேண்டும், பிடிக்காவிட்டால் திருத்தலாம்.

“அம்மிணி, கௌரிக்கு ஒரு ரேஷன் கார்டு போட்டுரலாமா?” என்கிறார் தனபால் அண்ணன். வகுப்பில் இப்போது எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

ஆகஸ்ட் 21

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஆறரை மணிக்கு வகுப்பு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். என்னைவிட நான்கைந்து வயது கூட இருக்கலாம். இடுப்பில் ஒரு பையன். பஸ்ஸில் தூங்கி எழுந்த முகம். அவன் காதுக்குப் பின்னால் மணி இருந்தது.

“ஏனுங்க, கௌரி அக்கா இங்கதான இருக்காங்க? கதைக்குக் கீழ இந்த விலாசந்தான் போட்டிருந்துச்சு.”

ரெஹானா என்னைப் பார்த்தார். நான் எழுந்து வெளியே போனேன். அவள் பெயர் கோகிலவாணி. வெள்ளகோவிலிலிருந்து வந்திருக்கிறாள். பையன் தர்ஷித். இந்தத் தீபாவளி வந்தால் நான்கு முடிகிறது.

“ஒண்ணும் இல்லீங்க. அவிய பையன் பேசறத ஒருக்கா காதுல கேட்டுட்டுப் போயிரலாம்னு வந்தேன். மணி போட்டு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. அவிய பையனுக்குப் பதினோரு நாள்ல வந்துச்சு. இவன் சிரிக்கிறான், திரும்பிப் பாக்கறான், பேச்சு மட்டும் வரலீங்க. கேட்டுட்டேன்னா மனசுக்குத் தெம்பா இருக்கும்.”

“வகுப்புக்குப் போறீங்களா?” என்றேன்.

“இல்லீங்க, இங்க திருப்பூர் பெரியாஸ்பத்திரிக்குத்தான் வந்துட்டிருந்தோம், விட்டாச்சு. அஞ்சு செவ்வாய் ஆச்சு. இந்த வயசுல விட்டுறக் கூடாதுன்னு அங்க டாக்டரம்மா சொல்லத்தான் சொன்னாங்க. எனக்கும் பயந்தான். கௌரி அக்காகிட்டயே கேட்டேன். அவிய சொன்னாங்க, ‘பயமாத்தான் இருந்துச்சு கண்ணு. ஆனா முன்ன பஸ்ல போன நேரமெல்லாம் இப்ப அவன் என் மடியில’னு. அதப் படிச்சு அழுதுட்டனுங்க. அதுக்கப்பறம் போகல.”

அந்த வரி எனக்குத் தெரியும்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையன் என் அடையாள அட்டையின் கயிற்றைப் பிடித்து இழுத்தான். நான் சொன்னேன்: “கௌரி அக்கா ஊருல இல்லீங்க. மேட்டூருக்குக் குடி போயிட்டாங்க.”

“அப்படீங்களா?” என்றாள். முகம் விழுந்துவிட்டது. தன் விலாசத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, கௌரியிடம் கொடுக்கச் சொல்லி என் கையில் வைத்தாள். படியிறங்கும்போது பையனிடம், “அக்காவுக்கு டாட்டா சொல்லு சாமி,” என்றாள். அவன் கையை மட்டும் ஆட்டினான்.

ஆகஸ்ட் 22

நேற்று ஒன்றை எழுதாமல் விட்டேன். விட்டால் இந்த நாட்குறிப்புக்கு அர்த்தமில்லை.

கோகிலவாணியின் கேள்வி ஜூலை 20 ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலில் வந்தது. நான் பார்க்காமல் டிக் போடவில்லை. படித்தேன். “அக்கா நெசமாலுமே வகுப்ப விட்டுட்டீங்களா? எங்களுக்கும் ரெண்டு பஸ்சு. பயமா இருக்கு.” மென்பொருள் தயாரித்திருந்த பதில்: “ஆமாம், விட்டுவிட்டேன். கவலைப்படாதீர்கள்.” அது எனக்குக் கட்டையாகத் தெரிந்தது. கௌரி இப்படிப் பேச மாட்டாள் என்று நினைத்தேன். அதை அழித்துவிட்டு, மடி என்ற சொல் கடைசியில் வருகிற மாதிரி அந்த வரியை நானே எழுதினேன். ஓசை நன்றாக இருக்கிறதா என்று இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். பிறகு டிக் போட்டேன். அன்று மதியம் எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு தாய் என்னிடம் பயமாக இருக்கிறது என்று சொன்னாள். நான் வாக்கியத்தைச் சரி செய்தேன்.

இன்று என் வலைப்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். “கௌரி என்று யாரும் இல்லை.” பச்சை. “மித்ரன் என்று யாரும் இல்லை.” பச்சை. “நான் பொய் சொன்னேன்.” சிவப்பு. காரணம் கேட்டேன். சரிபார்ப்பான் சொன்னது: “குறிப்பிட்ட படைப்பு ‘கதை’ எனப் பதிவானது. கதையில் பொய் இல்லை. எனவே இந்த வாக்கியம் மெய்யன்று.” வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன். “நான் ஏமாற்றினேன்.” சிவப்பு. “என்னால் ஒரு குழந்தையின் வகுப்பு நின்றது.” ஆதாரம் கேட்டது. கடைசியில் அந்த வரிகள் இல்லாமல் வெளியிட்டேன். மாலைக்குள் ஒன்பது பேர் படித்திருந்தார்கள். சித்தப்பா கட்டைவிரல் குறி போட்டிருந்தார்.

வகுப்பில் ரெஹானாவிடம் சொன்னேன். அவர் உடனே கம்பெனியைக் கூப்பிட்டுப் பேசினார். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கதையை எடுக்க மாட்டாங்களாம். கௌரி வகுப்பை விடற அந்த ஒரு வரியையாவது மாத்துங்கன்னு கேட்டேன். அந்த வரியிலதான் படிக்கிறவங்க கண்ணு நிக்குதாம். அளந்து வச்சிருக்காங்க.”

“எழுதினது நான்தானே மேடம்?”

“எழுதினது நீ. ஆனா அது இப்ப உன்னோடது இல்ல.” என் நோட்டில் கட்டம் போட்ட வரியைத் தொட்டுக் காட்டினார். “விடணும்னு சொல்லிக் குடுத்தது நான்தான் சுபி. நீ குழந்தையோட வகுப்பையே விட வைப்பேன்னு நானும் நெனைக்கல. படிச்சப்பவும் தோணல. நல்லா இருக்குன்னுதான் தோணுச்சு.”

ஒன்று மட்டும் கேட்டு வாங்கினோம். இனிமேல் கௌரியின் எந்தப் பதிலும் தானாகப் போகாது. ஒவ்வொன்றும் உடனுக்குடன் என் கைபேசிக்கு வந்து, நான் பார்த்த பிறகே போகும்.

ஆகஸ்ட் 24

ஞாயிறு. காங்கேயம் போய், அங்கிருந்து வெள்ளகோவில் பஸ் பிடித்தேன். இரண்டு பேருந்து. கோகிலவாணி சொன்னதன் நீளம் அப்போதுதான் தெரிந்தது.

வீட்டில் அவளும் பையனும் மட்டும் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “கௌரி அக்கா அனுப்பிச்சாங்களா?” என்று கேட்டுக்கொண்டே சொம்பில் தண்ணீர் எடுத்து வந்தாள்.

பஸ்ஸிலேயே சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். “கௌரின்னு யாரும் இல்லீங்க. அது நான் எழுதின கதை. மணி போட்டு யாரும் பேசல. நீங்க கேட்டதுக்குப் பதில் சொன்னதும் நான்தான். தயவுசெஞ்சு பையனை வகுப்புக்குக் கூட்டிட்டுப் போங்க.”

சொம்பு அவள் கையிலேயே இருந்தது.

“இல்லாத ஆளு எங்கிட்ட எப்படீங்க பேசும்? இவனுக்குக் காய்ச்சல் வந்தப்ப ரெண்டு நாளும் விசாரிச்சாங்க. என்ற கூடப் பொறந்தவகூடக் கேக்கல.”

“காய்ச்சல விசாரிச்சது மென்பொருளுங்க. மேல கதைன்னு போட்டிருந்துச்சே, நீங்க பாக்கலீங்களா?”

“சோப்புக்கும் மேல கதைன்னுதான் போடறாங்க. பள்ளிக்கூடத்துக்கும் போடறாங்க. அதப் பாத்துட்டிருந்தா எதையும் படிக்க முடியாதுங்க.” அவள் குரல் ஏறியது. “அன்னிக்கு நான் கேட்டப்ப மேட்டூருக்குப் போயிட்டாங்கன்னு சொன்னீங்க. இன்னிக்கு ஆளே இல்லைங்கறீங்க. இதுல எது பொய்யுங்க?”

“அன்னிக்குச் சொன்னது.”

“பொய் சொல்றவிய இன்னிக்கு மட்டும் நெசம் சொல்றீங்களாக்கும்? இணையத்துல வர்றதையாவது சரிபார்ப்பான் பாத்துத்தான் விடுது. நீங்க வாயில சொல்றத யாருங்க பாத்தா?”

என் வலைப்பக்கத்தில் பச்சை விழுந்த வரியை எடுத்து நீட்டினேன், அவள் திரையைப் பார்க்கவே இல்லை. பையன் வந்து என் பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினான். அவள் அவனைத் தூக்கிக்கொண்டு, “போயிட்டு வாங்க,” என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

காங்கேயம் பஸ் நிலையத்தில் உட்கார்ந்து யோசித்தேன். உண்மையை எழுதினேன், முக்கியமான வரிகள் வெளியே போகவில்லை. நேரில் சொன்னேன், நம்பவில்லை. அவள் யார் சொன்னால் கேட்பாள் என்பது எனக்குத் தெரியும்.

கௌரியின் பக்கத்தைத் திறந்து எழுதினேன்: “கோகிலா, உங்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். மித்ரனை மறுபடி வகுப்புக்குக் கூட்டிட்டுப் போறேன். பாதியில விட்டது என் தப்பு. நீயும் போ கண்ணு. வர்ற செவ்வாயே போ.” நிறுத்திப் படித்தேன். இன்னும் கொஞ்சம் சேர்த்தால் நம்புவாள் என்று தோன்றியது. “மணி அவன் காதுல அது பாட்டுக்கு இருக்கட்டும்.” இந்தக் கடைசி வரியை அழித்தேன், மறுபடி சேர்த்தேன். அனுப்பினேன். மேலே ‘கதை’ என்று தானாக விழுந்தது. எங்கும் சிவப்பு இல்லை.

நான்கு நிமிடத்தில் பதில். “செரிங்க்கா. நாளன்னிக்கே போயிர்றேன். சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க்கா. இன்னிக்கு ஒரு பொண்ணு வந்து நீங்க இல்லவே இல்லைன்னு சொல்லிட்டுப் போச்சு. தண்ணிகூடக் குடுக்காம அனுப்பிட்டேன்.”

செப்டம்பர் 2

போன செவ்வாய் கோகிலவாணி போனாளா என்று தெரியவில்லை. கௌரியாகக் கேட்டிருக்கலாம். கேட்கப் பிடிக்கவில்லை. இன்று அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அந்தப் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன்.

பேச்சுப் பயிற்சி அறை முதல் மாடிக் கடைசியில். வெளியே நீள பெஞ்சில் பத்துப் பதினைந்து தாய்மார்கள், குழந்தைகள். கோகிலவாணி இருந்தாள். தர்ஷித் அவள் மடியில் நின்றுகொண்டு ஜன்னல் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தான். வந்துவிட்டார்கள்.

அவள் என்னைப் பார்த்துவிட்டாள். உடனே பையனின் தலையைத் தன் தோளில் சாய்த்து, என் பார்வை படாதபடி திரும்பி உட்கார்ந்தாள். சரிதான் என்று நினைத்தேன். நான் அவளாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். திரும்பிப் போயிருக்க வேண்டும். அறைக்குள் அவன் போகும்வரை பார்த்துவிட்டுப் போகலாம் என்று நின்றேன்.

அவளுக்குப் பக்கத்தில் பச்சைச் சுடிதார் போட்ட ஒரு பெண், இரண்டரை வயதுப் பெண் குழந்தையோடு. முதல்முறை வருகிறாள் போல, கையில் புதுச் சீட்டு. கோகிலவாணி அவளிடம் பேச்சுக் கொடுத்தாள். பிறகு பையனின் காதை மடக்கி மணியைக் காட்டினாள். தன் கைபேசியை எடுத்து நீட்டினாள். “இந்த அக்கா கதையப் படிச்சுப் பாருங்க. என்ன சந்தேகம் கேட்டாலும் பதில் சொல்லுவாங்க. தங்கமான மனசு.”

அந்தப் பெண் தன் கைபேசியில் தேடி எடுத்துப் படித்தாள். பத்து நிமிடம் இருக்கும். ஓரிடத்தில் படிப்பதை நிறுத்தி நிமிர்ந்தாள். எந்த இடம் என்று எனக்குத் தெரியும். பிறகு இரண்டு கட்டைவிரலாலும் எதையோ எழுதினாள்.

என் கையில் கைபேசி அதிர்ந்தது.

“கௌரி அக்கா, இங்க ஒருத்தங்க சொல்லித்தான் உங்க கதையப் படிச்சேன். மணி போட்டா இந்த வகுப்புக்கெல்லாம் வர வேண்டியதில்லீங்களா?”

எங்களுக்கு நடுவே பத்தடிதான். போய் வாயால் சொல்லலாம். இரண்டடி வைத்தேன். கோகிலவாணி நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்துப் பெண்ணின் கையைப் பிடித்து, அவள் காதில் ஏதோ சொல்லத் தொடங்கினாள்.

நான் நின்ற இடத்திலேயே எழுதினேன்: “அப்படி நெனைச்சுத்தான் நான் தப்புப் பண்ணுனேன் கண்ணு. வகுப்ப மட்டும் விட்டுறாதே.”

அந்தப் பெண் படித்தாள். தலையாட்டிக்கொண்டு, திரையைக் கோகிலவாணியிடம் காட்டினாள். “பாத்தீங்களா, நாஞ் சொல்லல?” என்றாள் கோகிலவாணி. இரண்டு பேரும் சிரித்தார்கள். உள்ளேயிருந்து தர்ஷித்தின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர்கள் எழுந்து என்னைக் கடந்து போக வேண்டியிருந்தது. நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்து, கைபேசியைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டேன்.